நல்கை முடிந்த பிறகு: ஆய்வு மென்பொருள் அன்றாடச் சேவையாகும் வழியில் நிதியின் இடம்

1. பொருளும் எல்லையும்

பல்கலைக்கழகத் துறையொன்றில் எழுதப்படும் மென்பொருள் ஓர் ஆய்வுக் கேள்விக்கான கருவியாகவே பிறக்கிறது. எழுதியவரே அதை இயக்குகிறார். பழுதானால் அவரே திருத்துகிறார். ஒரு மாதம் ஓடாமல் கிடந்தாலும் கேட்பாரில்லை. பிற நிறுவனங்களில் உள்ளவர்கள் தம் தினசரி வேலைக்கு அதை நம்பத் தொடங்கிவிட்டால் நிலைமை வேறு. நள்ளிரவில் நின்றுபோனால் யார் எழுந்து பார்ப்பது, இயங்குதளம் மாறும்போது அதற்கேற்ப யார் திருத்துவது, பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் எத்தனை நாளில் அடைப்பது என்று கேள்விகள் வரிசைகட்டும். கணினித் துறையினர் ‘புரொடக்‌ஷன்’ என்று சொல்லும் இந்த நிலையை இக்கட்டுரை அன்றாடச் சேவை என்று குறிக்கிறது.

ஆய்வு மென்பொருள் அந்த நிலையை எட்ட மூன்று வகைச் செலவுகள் தேவை. முதலாவது ஆக்கச் செலவு: கருத்தை நிரலாக்கி, அது வேலை செய்கிறது என்று காட்டுவது. இரண்டாவது பக்குவச் செலவு: எழுதியவர் இல்லாத இடத்திலும் அது ஓடும்படி செய்வது. மூன்றாவது இயக்கச் செலவு: ஆண்டுதோறும் அதை ஓடவைப்பது. முதலாவதற்கு ஆய்வு நிதி அமைப்புகள் இருக்கின்றன. மூன்றாவதற்குக் கணினி மையங்களின் ஆண்டு வரவுசெலவு இருக்கிறது. இரண்டாவதுதான் அனாதை.

பக்குவச் செலவுக்குப் பணம் கொடுத்தால் போதும் என்பது நெடுங்காலம் நிலவிய எண்ணம். கடந்த கால் நூற்றாண்டு அனுபவம் அதை ஏற்கவில்லை. பக்குவச் செலவுக்குத் தந்த தொகை வீணாகாத இடங்களில் எல்லாம், அந்தத் தொகை தீருமுன்பே இயக்கச் செலவை ஏற்க ஒரு நிறுவனமோ கூட்டமைப்போ முன்வந்திருந்தது. மென்பொருள் நின்றால் அதன் சொந்த வேலையும் நின்றுவிடும் என்பதே அது முன்வந்த காரணம். இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். சான்றுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1990களின் பிற்பகுதி முதல் வளர்ந்த பரவல் கணிமையிலிருந்து, அதாவது பல இடங்களிலுள்ள கணினிகளை ஒன்றாக இணைத்து இயக்கும் ‘கிரிட்’ துறையிலிருந்து, எடுக்கப்பட்டவை. ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே நோக்கத்தோடு, அரசுப் பணத்தில் பல மென்பொருள்கள் எழுதப்பட்டு அவற்றின் முடிவுகள் மட்டும் வெவ்வேறாக அமைந்த துறை அது. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான துறை அரிது.

2. பக்குவச் செலவு எதில் போகிறது

ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 இயங்குதள உருவாக்கத்தை முன்னின்று நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1975இல் வெளிவந்த ‘தி மித்திக்கல் மேன்-மன்த்’ நூலில் ஒரு கணக்குச் சொன்னார். ஒருவர் தனக்கென எழுதிய நிரலைப் பிறரும் பயன்படுத்தும் பொருளாக்க மூன்று மடங்கு செலவு. அதைப் பெரிய அமைப்பொன்றின் உறுப்பாக்க இன்னொரு மூன்று மடங்கு. இரண்டும் வேண்டுமானால் ஒன்பது மடங்கு. இது அளந்து கண்ட எண் அன்று, கைப்பட்டறிவில் வந்த உத்தேசம். ஆனாலும் ஆய்வு நிதியின் வடிவத்தோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது: மூன்றாண்டு நல்கை பெரும்பாலும் அந்த முதல் பங்கை மட்டுமே சுமக்கிறது.

மீதிப் பங்கு கண்ணுக்குத் தெரியாத வேலைகளில் கரைகிறது. பல லினக்ஸ் பதிப்புகளுக்கும் நிறுவல் பொதி தயாரிக்க வேண்டும். பழைய பதிப்பில் சேர்ந்த தரவு கெடாமல் புதியதற்கு மாற வழி வேண்டும். பிழைச் செய்தி எழுதியவருக்கு மட்டுமல்லாமல் கணினி மையத்தின் இரவுப் பணியாளருக்கும் புரிய வேண்டும். கையேடு, சோதனைத் தொகுதி, கண்காணிப்பு, உதவி மேசை என்று பட்டியல் நீளும். இவற்றுள் எதுவும் ஆய்விதழில் கட்டுரையாக வராது. நல்கைக் குழுவின் மதிப்பீட்டாளர் ‘இதில் புதிது என்ன?’ என்று கேட்பார். கணினி மையத்தின் பொறுப்பாளர் ‘சென்ற மாதம் எத்தனை முறை நின்றது?’ என்று கேட்பார். பக்குவ வேலையில் இருப்பவரிடம் முதல் கேள்விக்கு விடை கிடையாது. இரண்டாம் கேள்வி எழும் நிலைக்கு அவர் இன்னும் வரவில்லை.

நம் அரசு அலுவலகங்கள் நிதியைத் தொடராச் செலவினம், தொடர் செலவினம் என்று பிரிப்பது வழக்கம். பக்குவ வேலை இரண்டிலும் ஒட்டாது. சம்பளமாகப் போவதால் அது கருவி வாங்கும் தலைப்பில் அடங்காது. முடியும் நாள் ஒன்று இருப்பதால் நிரந்தரத் தலைப்பிலும் ஏறாது. யானையை வாங்க ஒரு தலைப்பும் தீனி போட ஒரு தலைப்பும் இருக்க, பழக்குவதற்குத் தலைப்பில்லாத கணக்கேடு இது.

3. வழக்குகள்

3.1 பிரிட்டன்: பக்குவத்துக்கென்றே ஒரு நிறுவனம்

இந்த இடைவெளியை முதலில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர்களில் பிரிட்டன் அரசின் இ-சயின்ஸ் திட்டத்தார் முக்கியமானவர்கள். 2001இல் தொடங்கிய அத்திட்டம் பல ஆய்வுக் குழுக்களுக்கு மென்பொருள் எழுதப் பணம் தந்தது. நல்கைகள் முடியும் தறுவாயில் இவை எல்லாம் என்னவாகும் என்ற கேள்வி எழ, 2004இல் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் ஓப்பன் மிடில்வேர் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் இன்ஸ்டிடியூட், சுருக்கமாக ஓ.எம்.ஐ.ஐ., நிறுவப்பட்டது. ஆய்வுக் குழுக்களின் நிரல்களைப் பெற்று, சோதித்து, ஆவணப்படுத்தி, ஒரே தொகுப்பாக வெளியிடுவது அதன் வேலை. 2006இல் எடின்பரோவின் தரவு அணுகல் மென்பொருள் குழுவும், டவர்னா என்ற பணியோட்ட மென்பொருளை எழுதிய மான்செஸ்டர் குழுவும் அதனுடன் இணைந்தன.

பக்குவச் செலவுக்கு இவ்வளவு நேரடியாக நிதி ஒதுக்கிய முயற்சிகள் குறைவு. குறை வேறிடத்தில் இருந்தது. பிரிட்டனின் தேசிய கிரிட் சேவை, அதாவது அந்நாட்டு ஆய்வாளர்களுக்காகக் கணினிகளை நாள்தோறும் ஓட்டிய அமைப்பு, வேறு கணக்கில் இயங்கியது. முதன்மையாக அமெரிக்காவில் தயாரான குளோபஸ் என்ற கிரிட் மென்பொருளையே தன் கணினிகளில் நிறுவியிருந்தது. பக்குவப்படுத்துபவர் ஒருபுறம், வாங்கி இயக்க வேண்டியவர் மறுபுறம், நடுவில் ஒப்பந்தமில்லை. 2010இல் அதே வட்டாரத்திலிருந்து மென்பொருள் நிலைபேற்று நிறுவனம் எழுந்தபோது அணுகுமுறையே மாறியிருந்தது. நிரலைத் தாமே எடுத்துச் செப்பனிடுவதைவிட, எழுதுபவர்களைப் பயிற்றுவதிலும் ‘ஆய்வு மென்பொருள் பொறியாளர்’ என்ற பணிநிலைக்கு அங்கீகாரம் பெறுவதிலும் அது கவனம் வைத்தது. டவர்னா 2014இல் அப்பாச்சி அறக்கட்டளையின் வளர்ப்புத் திட்டத்தில் சேர்ந்து, 2020இல் அங்கேயே ஓய்வுபெற்றது.

3.2 ஐரோப்பா: மூன்று மலைகளும் ஒரு முடிவு நாளும்

ஐரோப்பிய ஆணையத்தின் பாதை இன்னும் நீளமானது. 2001 முதல் 2004 வரை யூரோப்பியன் டேட்டாகிரிட். பின்னர் 2010 வரை மூன்று கட்டங்களாக ‘ஈ.ஜி.ஈ.ஈ.’ என்ற பெருந்திட்டம். ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் ஒருங்கிணைத்த இத்திட்டங்களில்தான் ஜிலைட் என்ற இடைநிலை மென்பொருள் (மிடில்வேர்) உருவானது. எழுதியவர்களும் இயக்கியவர்களும் ஒரே நல்கையின் நிழலில் இருந்தார்கள். பிழை வந்தால் தாமதமில்லாமல் பேசிக்கொள்ள முடிந்தது. ஆனால் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பது ஒருபோதும் கணக்கில் எழுதப்படவில்லை.

2010இல் ஆணையம் இதைப் பிரித்தது. இயக்கத்தை ஆம்ஸ்டர்டாமில் நிறுவப்பட்ட ஈ.ஜி.ஐ. அறக்கட்டளை ஏற்றது, அதன் உறுப்பினர்களான தேசிய அமைப்புகள் ஆண்டுக் கட்டணம் செலுத்தின. மென்பொருளை ஐரோப்பிய மிடில்வேர் முன்னெடுப்பு, அதாவது ஈ.எம்.ஐ., ஏற்றது. அதற்கு மூன்றாண்டு ஆயுள். ஜிலைட், வட ஐரோப்பிய நாடுகளின் ஆர்க், ஜெர்மனியின் யூனிகோர், டி-கேஷ் என்னும் சேமிப்பக மென்பொருள் ஆகிய நான்கையும் ஒருங்கிணைத்துப் பக்குவப்படுத்துவது அதன் கடமை. கெப்னெகைஸ, மேட்டர்ஹார்ன், மான்டே பியான்கோ என்று மலைகளின் பெயரில் 2011, 2012, 2013 என ஆண்டுக்கொன்றாக மூன்று பெருவெளியீடுகள் வந்தன. பொறியியலாகப் பார்த்தால் கண்ணியமான வேலை. 2013 ஏப்ரலில் நிதி நின்றது. பிறகு ஒருங்கிணைப்பு தன்னார்வ உறவாகச் சுருங்கியது.

அதற்குப் பிறகு எவை பிழைத்தன என்பதே இந்த ஆய்வுக்கு முக்கியமானது. டி-கேஷைக் கைவிட ஹாம்பர்க்கின் டேசி ஆய்வகத்தாலோ சிகாகோ அருகிலுள்ள ஃபெர்மிலேபாலோ முடியாது. அவற்றின் சோதனைத் தரவு அதில்தான் கிடக்கிறது. ஆகவே இரண்டும் தம் ஊழியர் சம்பளத்திலிருந்தே அதைப் பேணின. கோப்புகளை நாடுவிட்டு நாடு அனுப்பும் எஃப்.டி.எஸ். சேவையைச் செர்ன் வைத்துக்கொண்டது. ஆர்க்கை வட ஐரோப்பியக் கூட்டமைப்பும், யூனிகோரை ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையமும் தாங்கின. மாறாக, பணிகளை உலகெங்கும் பங்கிட்ட ஜிலைட்டின் பணி மேலாண்மைப் பகுதி மெல்ல அவிந்தது. பெரிய இயற்பியல் சோதனைகள் அந்த வேலைக்குத் தமக்கென்று வேறு கருவிகளை எழுதிக்கொண்டிருந்ததால் அது நின்றால் வலிக்கும் பெரிய கை எதுவும் மிஞ்சவில்லை. அதே ஜிலைட்டைச் சேர்ந்த கிரீம் என்ற கணிப்பு நுழைவாயிலுக்கான ஆதரவு 2020இல் முடிந்தது. நான்கு தொகுப்புகளுக்கும் ஒரே பக்குவ நிதி, ஒரே தர நெறிமுறை. வேறுபட்டது நிதி நின்ற நாளில் அதை ஏந்திக்கொள்ளக் காத்திருந்த கைகள் மட்டுமே.

செர்னின் ஹாட்ரான் மோதுவியின் உலகளாவிய கணினி வலையமைப்பு இதற்குத் துணைச்சான்று. அதில் சேரும் மையங்களும் அவற்றின் அரசுகளும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகின்றன. ஆண்டுக்கு எவ்வளவு சேவை நேரம், பழுதுக்கு எத்தனை மணி நேரத்தில் பதில் என்பனவெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். நிரலுக்குத் தனியாக ஒரு காசும் அந்த ஒப்பந்தம் ஒதுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். சேவை அளவுக்கு ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும் என்று ஆனபின், அந்த ஒருவர் நிரலுக்கும் ஆள் வைத்தாக வேண்டும்.

3.3 குளோபஸ்: மூன்று வழிகளும் முயன்ற ஒன்று

இயன் ஃபாஸ்டர், கார்ல் கெஸல்மன் ஆகியோர் தலைமையில் ஆர்கோன் தேசிய ஆய்வகம், சிகாகோ பல்கலைக்கழகம், தென்கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனம் ஆகியவற்றில் வளர்ந்த குளோபஸ் டூல்கிட் இத்துறையின் பாடநூல் வழக்கு. நல்கை, வணிகம், சந்தா என்று மூன்று நிதி வழிகளையும் தொட்டுப் பார்த்த மென்பொருள் வேறொன்று உடனே நினைவுக்கு வரவில்லை.

நல்கை வழி அதற்குப் புகழையும் தந்தது, ஒரு நோயையும் தந்தது. 2002இல் இரண்டாம் பதிப்பு, 2003இல் மூன்றாம் பதிப்பு, 2005இல் நான்காம் பதிப்பு. மூன்றாவதும் நான்காவதும் அன்றைய புதுமையான வலைச் சேவை முறைக்கு இடைமுகங்களை மாற்றி எழுதின. ஆய்வாக அது நியாயம். ஆனால் இயற்பியல் கிரிட்டுகள் இரண்டாம் பதிப்பின் பழைய இடைமுகங்களிலேயே நின்றுவிட்டன. ஆயிரக்கணக்கான கணினிகளில் ஓடுவதை ஆய்வுப் போக்குக்காக மாற்ற யாருக்கும் மனமில்லை. ஐந்தாம் பதிப்பு பழைய வழிக்கே திரும்பியது. புதுமைக்குப் பணம் தரும் அமைப்பு, பக்குவத்துக்கும் தானே பணம் தரும்போது, பக்குவ வேலை புதுமையின் வேடம் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதற்கு இது தெளிவான அடையாளம்.

வணிக வழி 2004இல் யூனிவா என்ற நிறுவனமாக வந்தது. நிறுவியவர்களில் ஃபாஸ்டரும் கெஸல்மனும் உண்டு. குளோபஸுக்குக் கட்டண ஆதரவு விற்பது திட்டம். வாங்கக்கூடியவர்களோ அதே பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும்தான். அவர்களிடம் ஆளுக்குச் சம்பளம் தரத் தலைப்பிருந்தது, இலவச மென்பொருளின் ஆதரவுக்குக் கட்டணம் தரத் தலைப்பில்லை. யூனிவா பின்னர் கிரிட் எஞ்சின் என்ற வேறு மென்பொருளின் பக்கம் சாய்ந்தது. 2020இல் ஆல்டேர் நிறுவனம் யூனிவாவை வாங்கியது.

மூன்றாம் வழி 2010 நவம்பரில் தொடங்கிய குளோபஸ் ஆன்லைன். நிரலைக் கொடுத்து ‘நிறுவிக்கொள்ளுங்கள்’ என்பதற்குப் பதிலாக, கோப்புப் பரிமாற்றத்தைத் தாங்களே இயக்கும் சேவையாகச் சிகாகோ பல்கலைக்கழகம் இலாபநோக்கின்றி வழங்கியது. தனி ஆய்வாளருக்கு அடிப்படைப் பரிமாற்றம் இலவசம். தரவைப் பிறருடன் பகிரவும் நிர்வாகிகள் மேற்பார்வையிடவும் வேண்டிய வசதிகளுக்கு நிறுவனம் ஆண்டுச் சந்தா கட்டும். இங்கே நடந்த மாற்றம் நுட்பமானது. மென்பொருளாக இருந்தபோது தொடராத் தலைப்பில் முடங்கிய அதே பொருள், சேவையானதும் நூலகத்தின் இதழ்ச் சந்தாபோலப் பல்கலைக்கழகத்தின் தொடர் தலைப்பில் ஏறிவிட்டது. பணம் எப்போதும் இருந்தது. அது வெளியே வர ஏற்ற தலைப்புத்தான் இல்லாமலிருந்தது.

விலையும் இருந்தது. டூல்கிட்டுக்கான ஆதரவு நிறுத்தப்படும் என்று 2017இல் அறிவிப்பு வந்தது. 2018இல் அது நின்றது. அதுவரை அதன்மேல் கட்டியிருந்தவர்கள் திகைத்தார்கள். அமெரிக்காவின் ஓப்பன் சயின்ஸ் கிரிட்டும் ஐரோப்பிய மையங்களும் சேர்ந்த சமூகம் நிரலைப் பிரித்தெடுத்துக் கிரிட் கம்யூனிட்டி டூல்கிட் என்ற பெயரில் பாதுகாப்புத் திருத்தங்களைத் தொடர்ந்தது. சேவையின் மையப் பகுதியையோ பயனர் தம் கணினியில் நிறுவிக்கொள்ள வழியில்லை. திறந்த மூலத்தின் நண்பர்கள் இதைத் துரோகமாகக் கண்டார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சந்தா கட்டும் நிறுவனங்களுக்குச் சேவை தொடர்ந்தது. டூல்கிட்டை நம்பியிருந்தவர்களோ பல ஆண்டுகள் யாருக்கும் எதுவும் கட்டாதவர்கள்.

3.4 கூட்டாகச் செலுத்துதல்: லஸ்டரும் ஷிபலெத்தும்

லஸ்டர் என்னும் கோப்பு முறைமை 1999இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பிராம் தொடங்கிய ஆய்வு. அமெரிக்க எரிசக்தித் துறை ஒப்பந்தம் மூலம் அதன் வளர்ச்சிக்குப் பணம் தந்தது. அத்துறையின் லிவர்மோர் ஆய்வகத்துக்குத் தன் மீக்கணினிகளில் அது ஓடியாக வேண்டும். நல்கை பெற்றவர் அறிக்கை கொடுத்தால் போதும், ஒப்பந்தம் பெற்றவர் பொருளைக் கொடுக்க வேண்டும். பிராம் தொடங்கிய நிறுவனத்தை 2007இல் சன் என்ற கணினி நிறுவனம் வாங்க, சன்னை 2010இல் ஆரக்கிள் வாங்க, ஆரக்கிள் அந்த ஆண்டே ஆர்வமிழந்தது. மென்பொருள் அங்கேயே செத்திருக்கலாம். லிவர்மோர், ஓக் ரிட்ஜ் ஆய்வகங்களும் க்ரே, டி.டி.என். நிறுவனங்களும் சேர்ந்து ஓப்பன்எஸ்எஃப்எஸ் என்ற கூட்டமைப்பை அதே 2010இல் அமைத்து, வளர்ச்சி வேலையை ஒப்பந்தத்தில் விட்டன. உரிமையாளர் மாறிக்கொண்டே இருந்தார். பணம் கட்டியவர் மாறவில்லை.

ஷிபலெத் வேறு வகைப் பொருள்: ஒரு பல்கலைக்கழக அடையாளத்தைக் கொண்டு வேறு நிறுவனத்தின் தளத்தில் நுழைய உதவுவது. இன்டர்நெட்2 அமைப்பில் 2000இல் தொடங்கி, 2003இல் முதல் பதிப்பு வெளியானது. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் மிடில்வேர் திட்டமும் அதற்கு நிதி தந்தது. நல்கைக் காலம் கடந்தபின், 2013இல், பல நாட்டுக் கல்வி வலையமைப்புகள் உறுப்பினர் கட்டணம் செலுத்தும் கூட்டமைப்பாக அது மாறியது. பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு அதன் நிர்வாகத்தை ஏற்றது. பெரிய தொகைகள் இல்லை, ஆரவாரமும் இல்லை. உலகெங்கும் மாணவர்கள் அதன் வழியே நுழைகிறார்கள். பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது.

3.5 விதிவிலக்கு: காண்டர்

விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் மிரான் லிவ்னி 1988 முதல் நடத்திவரும் காண்டர் (இன்றைய பெயரில் எச்.டி.காண்டர்), அதாவது பல கணினிகளில் பணிகளைப் பங்கிட்டு ஓட்டும் மென்பொருள், மேற்சொன்ன விதிக்கு மாறானதுபோலத் தோன்றும். ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அது தொடர் நல்கைகளிலேயே வாழ்ந்திருக்கிறது. 2020இல் ‘பாத்’ என்ற திட்டத்துக்காக ஐந்தாண்டுகளுக்கு 2 கோடியே 25 இலட்சம் டாலர் கிடைத்தது. ஆனால் உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும்: அதே குழு தன் பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தையும் இயக்குகிறது. ஆக்குபவரும் இயக்குபவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். அதோடு ஒரு மனிதரின் அசாதாரண விடாமுயற்சியும் சேர்ந்தது. அதைக் கொள்கையாக வகுக்க முடியாது.

4. பகுப்பாய்வு

வழக்குகளை அருகருகே வைத்தால், தொகையின் அளவு விளைவை முன்னறிவிக்கவில்லை. ஷிபலெத்துக்கான தொகை சிறியது, ஜிலைட்டுக்கானது பெரியது. விளைவை முன்னறிவித்தது பணம் கட்டியவருக்கும் சேவைக்கும் இடையிலான தொலைவு. லஸ்டரில் அத்தொலைவு பூஜ்யம். ஓ.எம்.ஐ.ஐ.யில் அது இரு வேறு அலுவலகங்களின் தொலைவு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நின்றால் வலிக்கும் கை யாருடையது என்று எப்போதும் தெரிவதில்லை. நம்பை என்ற நிரல் நூலகத்தை எண்ணுங்கள். 2005 வாக்கில் டிராவிஸ் ஆலிஃபண்ட் உருவாக்கிய அது பைத்தான் மொழியில் நடக்கும் அறிவியல் கணிப்புக்கெல்லாம் அடித்தளம். ஆயினும் அதற்கென்று தனி நிதி முதன்முதலில் வந்தது 2017இல்தான், மூர் அறக்கட்டளையிடமிருந்து. எல்லோருக்கும் தேவையானதை எவரும் தம் கணக்கில் எழுதுவதில்லை. இத்தகைய அடித்தள நூலகங்களுக்குச் சந்தா பொருந்தாது, கூட்டமைப்பும் எளிதில் அமையாது. 2019இல் சான் சக்கர்பெர்க் முன்னெடுப்பு பராமரிப்புக்கென்றே நல்கை தரத் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் அறக்கட்டளைகளின் ஆர்வம் மாறக்கூடியது. மறுப்பை ஏற்கிறேன்: என் முடிவு சேவையாக இயக்கப்படும் மென்பொருளுக்குத்தான் முழுதாகப் பொருந்தும், நூலகங்களுக்குப் பொது நிதியே கதி.

இன்னொரு மறுப்பு ஏழை நிறுவனங்களைப் பற்றியது. சந்தா கட்ட முடியாத சிறு கல்லூரி என்ன செய்யும்? குளோபஸின் இலவச அடுக்கு ஒருவகை விடை. தேசிய வலையமைப்பு எல்லோருக்குமாகக் கட்டிவிடும் ஷிபலெத் முறை அதைவிடச் சிறந்த விடை என்பேன்.

5. நல்கை விதிகளுக்கு வர வேண்டியவை

அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 2010இல் மென்பொருள் உள்கட்டமைப்புக்கெனத் தனித் திட்டம் தொடங்கியது. அதன் வழிவந்த பிந்திய திட்டத்தில் நிலைபேற்றை நோக்கிய மாற்றத்துக்கென்றே ஒரு பிரிவைச் சேர்த்தது. சரியான திசை. ஆனால் இத்தகைய பிரிவுகளில் விண்ணப்பதாரர் எழுதும் நிலைபேற்றுத் திட்டம் எளிதில் நம்பிக்கை வாசகமாகிவிடும். அதற்குப் பதில் விண்ணப்பத்தில் இரண்டாவது கையெழுத்து ஒன்று வேண்டும்: நிதி முடிந்த பின் இயக்கச் செலவை ஏற்கும் மையத்தின் நிதி அலுவலர், எந்தத் தலைப்பில் எத்தனை ஆள் சம்பளம் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதம் இதற்கு ஈடாகாது. அப்படிக் கையெழுத்திட ஒருவரும் முன்வரவில்லை என்றால், மென்பொருள் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. ஆக்க நிதிக்கே விண்ணப்பிக்கட்டும்.

கையெழுத்திட்டவரும் முழுச்சுமையை ஒரே நாளில் ஏற்பது கடினம். பக்குவ நிதி ஆண்டுக்காண்டு குறைய, மையத்தின் பங்கு அதே அளவில் ஏற வேண்டும். ஈ.எம்.ஐ. ஒரு குறிப்பிட்ட ஏப்ரலில் அறுந்ததுபோல அறுவது யாருக்கும் நல்லதல்ல. பணம் தருபவருக்கு இதில் ஒரு வசதியும் உண்டு: மையத்தின் பங்கு இரண்டாம் ஆண்டிலேயே வராவிட்டால் மீதித் தொகையை நிறுத்திவிடலாம்.

இறுதியாக, மூடுவதற்கான பணம். இதை எந்த நிதி அமைப்பும் விரும்பிப் பேசுவதில்லை. டூல்கிட் ஆதரவு நின்றபின் ஓப்பன் சயின்ஸ் கிரிட் தன் அங்கீகார முறையைச் சான்றிதழிலிருந்து டோக்கனுக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு வேண்டிய சைடோக்கன்ஸ் மென்பொருள் 2017இல் தனி நல்கையில் உருவானது. மையங்கள் மாறி முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. பழையதை அணைத்துப் புதியதற்குப் பயனரை நகர்த்தும் இந்த வேலையும் பக்குவ வேலையின் மறுபாதிதான். ஒரு சேவையைத் தொடங்கக் கையெழுத்திடும் மையம் அதை மூடும்போது பயனருக்கு எத்தனை மாத அவகாசம் தரும், அந்த மாதங்களுக்கான சம்பளம் எங்கிருந்து வரும் என்பதையும் அதே ஒப்பந்தத்தில் முதல் நாளே எழுதிவிட வேண்டும்.